ஊக்கும் கடனும்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

பவுன் தாலிக்கொடியில், குண்டுமணிகளுக்கு நடுவே, துருவேறிய ஊக்குகள் நாலைந்து தொங்குவதை அறிஞர் உலகம் உரிய கவனத்துடன் நோக்கவில்லை. இதை அணிகலன் என்பாரும் உளர், தற்காப்பு ஆயுதம் என்பாரும் உளர். இக்கட்டுரையாளரின் துணிபு வேறு: அது ஒரு நடமாடும் கடன் வங்கி.

சான்று ஊக்கின் பிறப்பிலேயே இருக்கிறது. நியூயார்க்கில் வால்டர் ஹண்ட் என்றொரு இயந்திர மேதை. வரைபடக்காரர் ஒருவருக்கு 15 டாலர் பாக்கி. கடனை அடைக்க வழி தேடிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தவர் கையில் ஊக்கு உருவானது. மூன்று மணி நேர வேலை என்பார்கள். 1849 ஏப்ரல் 10 அன்று 6281ஆம் எண் காப்புரிமை கிடைத்தது. அதை 400 டாலருக்கு மொத்தமாக விற்றுவிட்டார். பின்னால் குவிந்த லாபத்தில் அவருக்குக் காலணா இல்லை.

ரோமானியர்களிடமே சுருள் வைத்த உடையூசி இருந்ததே என்று தொல்லியலார் குறுக்கிடலாம். இருந்தது. ஆனால் விசைக்குச் சுருளும் கூரைக் கவ்விப் பிடிக்கும் கொக்கியும் ஒரே கம்பியில் அமைந்ததே ஹண்டின் கைவண்ணம். இதே மனிதர் 1830களில் தையல் இயந்திரமும் செய்து, காப்புரிமை வாங்காமல் விட்டவர். 1846இல் எலியாஸ் ஹோவ் அந்தத் துறையில் முந்திக்கொண்டார். தையலைக் கோட்டைவிட்டவர், தையல் விட்ட இடத்துக்கு மருந்து கண்டார். பிழைக்கத் தெரியாதவர் என்பதே நம் கணிப்பு.

இனி களஆய்வு. கல்யாண மண்டபம்; முகூர்த்தத்துக்குச் சற்று முன், ரவிக்கைக் கொக்கி தெறிக்கிறது. "அக்கா, ஒரு ஊக்கு இருக்கா?" அக்கா பேச்சை நிறுத்துவதில்லை, குனிந்து பார்ப்பதும் இல்லை. கை மட்டும் தாலிக்கொடிக்குப் போய், பெரிதையும் சிறிதையும் தடவிப் பார்த்தே ஒன்றைக் கழற்றி நீட்டுகிறது. வட்டி இல்லை, ஜாமீன் இல்லை. அதே ஊக்கு பின்னொரு நாள் பாவாடைக்கு நாடா கோக்கும், ரப்பர் செருப்பின் வாரைத் தாங்கும், யார் கண்ணும் படாதபோது காதும் குடையும். உரிய அக்காவிடம் மட்டும் திரும்பிப் போகாது.

கடன் தீர்க்கப் பிறந்த பொருளின் பெயரில் இத்தனை வாராக்கடன் நிலுவையில் இருப்பது ஹண்டுக்கு இழைக்கும் அநீதி. வாசகர்கள் தத்தம் வளையலையும் தாலிக்கொடியையும் சோதித்து, அடுத்தவர் ஊக்கு இருந்தால் இன்றே திருப்பிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.