முன்தேதியிட்ட மக்கள் சேவை

கிராமத்துத் தொகுதி எம்.பி. ஒருவரின் அரசியல் வாழ்க்கை இது. பெயர் வேண்டாம். அவருடைய வேட்டியில் எந்தக் கட்சிக் கரையை வேண்டுமானாலும் நீங்களே ஒட்டிக்கொள்ளலாம், பொருந்தும்.

ஆரம்பத்தில் ஊராட்சி ரோடு காண்ட்ராக்ட். போட்ட ரோடு முதல் மழைக்கே பெயர்ந்து போனதால் அதே ரோட்டை இரண்டு முறை போட்டார். பொதுவாழ்வுக்கான தகுதி அங்கேயே வந்துவிட்டது. பிறகு ஒன்றியம், மாவட்டம், தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழைமரம். சீட்டு வந்தது. மக்களவை வேட்பாளர் 95 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்பது விதி. அண்ணனும் அதற்குள்தான் கணக்குக் காட்டினார். கடைசி இரண்டு ராத்திரி தெருவெல்லாம் கரண்ட் போனதே, அது மின்வாரியக் கணக்கு. (2019இல் வேலூரில் பணம் பிடிபட்டு மக்களவைத் தேர்தலையே நிறுத்தினார்கள். மற்ற ஊர்களில் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.)

டெல்லியில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் நாளுக்கு 2,500 ரூபாய். பத்தே நிமிடத்தில் அவை கூச்சலில் ஒத்திவைக்கப்பட்டாலும் அதே 2,500. அண்ணனின் கையெழுத்து நாளாக ஆக அழகாகிக்கொண்டே வந்தது.

தொகுதியில் அவர் இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி பஸ் நிறுத்த நிழற்குடை. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. பணம் நம் வரி, வேலையை நடத்துவது மாவட்ட நிர்வாகம், எம்.பி.க்கு உள்ளது பரிந்துரைக்கும் அதிகாரம் மட்டும். ஆனால் நிழற்குடையின் நெற்றியில் அவர் பெயர், அந்த ஊர்ப் பெயரைவிட மூன்று மடங்கு பெரிதாக. பஸ் வருமா என்று கேட்காதீர்கள், நிதி நிழலுக்குத்தான். அந்த நிழலும் ரோட்டின் மறுபக்கம் விழுகிறது. கட்டியது மச்சினன். 2014இல் எம்.பி.க்கள் கிராமங்களைத் தத்தெடுக்கும் திட்டம் வந்தபோது அண்ணனும் ஒன்றை எடுத்தார். அதற்குத் தனி நிதி கிடையாது என்று தெரிந்ததும் பலகை வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். 2025 மார்ச் மாதத்துக்கு வருவோம்.

அப்போது தமிழ்நாட்டில் 100 நாள் வேலை பார்த்தவர்களுக்கு மாதக்கணக்கில் கூலி பாக்கி. 15 நாளுக்குள் கூலி கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டதும் இதே நாடாளுமன்றம்தான். கண்மாயில் மண் சுமந்த பெண்கள் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு பேங்குக்கு நடையாய் நடந்தார்கள். மார்ச் 24 அன்று அறிவிப்பு வந்தது, எம்.பி.க்களுக்கு. சம்பளம் 1 லட்சத்திலிருந்து 1.24 லட்சம். அதுவும் 2023 ஏப்ரல் 1 முதல். இரண்டு வருட அரியர்ஸோடு. அதே மாதக் கடைசியில் 100 நாள் கூலியையும் உயர்த்தினார்கள்: 319 ரூபாய் 336 ஆனது. பதினேழு ரூபாய்! முன்தேதி கிடையாது. செய்து முடித்த வேலைக்கே காசு வராதவளுக்கு அரியர்ஸ் ஒரு கேடா?

தமிழக எம்.பி.க்கள் கூலி பாக்கியைக் கேட்டுக் குரல் கொடுத்தார்கள், உண்மை. அவர்களுடைய அரியர்ஸ் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. 2018இல் சட்டத்தைத் திருத்தி, விலைவாசிக் கணக்குப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சம்பளம் தானாக ஏறும்படி செய்துவிட்டார்கள். கை தூக்கி ஓட்டுப் போடும் சங்கடமும் இனி இல்லை.

அடுத்த தேர்தலில் மக்கள் விரட்டியடித்தாலும் அண்ணனுக்கு மாதம் 31,000 ஓய்வூதியம். அவருக்கு ஓட்டுப் போட்ட கிழவியின் முதியோர் பணத்தில், அவளுக்கு 80 வயது ஆகும்வரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். ஏறக்குறைய இருபது வருடமாக அதே 200. மிச்சத்தை மாநிலம் போடுகிறது. அவள் வாங்கும் அரிசி, மாத்திரை எதற்கும் விலைவாசி என்ற ஒன்று இல்லை போலிருக்கிறது.

காதுகுத்து வீடொன்றில் அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, ஏதாச்சும் குறை இருந்தாச் சொல்லு" என்று கேட்டார். சொன்னாள். அச்சில் ஏற்ற முடியாது.