எட்டுப் பேருக்கு மேல் இடமில்லை

கேள்வி: ‘சிம்ஸ் 4’ கேமில் அந்தக் காலத்து நடனத் தாரகை ஜோசஃபின் பேக்கரை அச்சு அசலாக உருவாக்கப் போகிறேன் என்கிறாள் என் மகள். நடக்கிற காரியமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முகம் வந்துவிடும். நெற்றியில் சுருண்டு ஒட்டிக்கிடக்கும் அந்த ஒற்றைச் சுருள் முடிக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தகராறு குணத்தில் ஆரம்பிக்கும். அங்கே பெரியவர்களுக்கு மூன்றே குணங்கள்தான் அனுமதி. அம்மணியோ 1925-ல் பாரிஸ் மேடையையே கிறங்கடித்தவர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் இசைத்தாள்களில் கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதிய ரகசியங்களை எல்லை தாண்டிக் கொண்டுபோன உளவாளி. 1963-ல் கறுப்பின மக்களின் உரிமைக்கான வாஷிங்டன் பேரணியில் ராணுவச் சீருடையோடு பேசியவர். எதை விடுவாள் உங்கள் மகள்?

‘சிக்கீட்டா’ என்று ஒரு சிவிங்கி வளர்த்தார். கேமில் சிவிங்கி கிடையாது. ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ பேக்கில் பூனைக்குப் புள்ளி வைத்து ஒப்பேற்றலாம். தத்தெடுத்த பிள்ளைகள் 12 பேரை என்ன செய்வது? ஒரு வீட்டுக்கு எட்டுப் பேர்தான் கணக்கு. மிச்சத்தை ஹாஸ்டலில்தான் சேர்க்க வேண்டும்!

காசு தீர்ந்தால் மகள் ‘மதர்லோட்’ என்று குறுக்குவழிச் சொல்லைத் தட்டுவாள், கேம் காசான சிமோலியன் 50,000 வந்து விழும். பேக்கருக்கு அந்த வசதி இல்லை. கடன் முற்றி, 1969-ல் தன் மிலாந்த் மாளிகையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அப்போது குடியிருக்க வழி செய்தவர் மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லி. எதற்கும் பக்கத்து மனையில் ஓர் இளவரசியையும் குடிவைக்கச் சொல்லுங்கள்.