செல்லாக் காசின் செல்வாக்கு: பொங்கலூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ரிசர்வ் வங்கி செல்லும் என்று சொல்லும் பத்து ரூபாய்க் காசைப் பொங்கலூர்ப் பக்கம் நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிக்கிறார். செல்லாது என்று அரசாங்கமே கைகழுவிவிட்ட பத்துப் பைசாவை நீட்டினால், பக்கத்தில் நிற்பவர்கூட "எங்கீங்க கெடச்சுது?" என்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பொருளாதார அறிஞர்கள் தீண்டாது விட்ட இந்த முரண்பாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வின் புவியியல் எல்லை: கோவை–திருச்சி சாலையில் பல்லடத்துக்குக் கிழக்கே, அலகுமலை கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை.

முதலில், பழங்காசு விற்பதில் உள்ள ஒரு தடையைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் வீட்டில் மிஞ்சிய பொருளையும் பழங்காசையும் கார் ஷெட் முன்னால் பரப்பி விற்கிறார்கள். நம்மூரில் ஷெட்டுக்குப் பஞ்சமில்லை. தறி ஷெட் உண்டு, கோழி ஷெட் உண்டு, கார் ஷெட்டும் வந்துவிட்டது. ஆனால் சொந்த வாசலில் சொந்தப் பண்டத்தைப் பரப்பிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தால், மத்தியானத்துக்குள் "பாவம், கடனாயிருச்சாட்ட இருக்குது" என்று ஊர் பேசிவிடும். பொழுது சாய்வதற்குள் சம்பந்தி வந்து நிற்பார். "ஏனுங் மச்சான், ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ?" ஆகவே இங்கே பழங்காசு பரணிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடு இறங்கி, பழைய இரும்புக்காரர் கைக்குப் போய், அங்கிருந்து சந்தையிலோ நோம்பிக் கடையிலோ ஒரு தார்ப்பாயின் மேல் வந்து சேர்கிறது. வந்த வழி யாருக்கும் தெரியாது. மானமும் தப்பிக்கிறது.

வரலாற்றுப் பின்னணிக்கு வருவோம். 1842இல் கோவையை அடுத்த வெள்ளலூரில் ஒரே புதையலில் 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. காங்கயம் அருகே படியூரின் பெரில் கற்களும், நொய்யல் கரைக் கொடுமணலில் செய்த மணிகளும் வெளிநாடு போன காலம் அது. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று ரோமில் உட்கார்ந்து பிளினி புலம்பி எழுதினார். கி.பி. 64இல் நீரோ மன்னன் வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தான். அதற்குப் பிந்திய வெள்ளிக் காசுகள் தென்னிந்தியப் புதையல்களில் அரிது. தரம் குறைந்த காசை இங்குள்ள வியாபாரிகள் தொட மறுத்திருக்கலாம் என்பது நாணயவியலார் தரும் விளக்கங்களில் ஒன்று. திருப்பூர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. சாம்பிள் துணியின் எடை ஒரு ஜிஎஸ்எம், பல்க்கில் வேறொரு ஜிஎஸ்எம். நீரோவின் சரக்கு ரிஜெக்ட்.

ரோமப் பேரரசனையே திருப்பி அனுப்பிய மண்ணுக்கு ரிசர்வ் வங்கி எம்மாத்திரம்?

இனி சரக்கு. தார்ப்பாயில் கிடப்பவற்றில் மூத்தது ஓட்டைக் காலணா. உலகப் போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் துளைவிட்டு 1943 முதல் 1947 வரை அடித்தது. கயிறு கோக்க வசதியாக இருந்ததால் குழந்தைகளின் இடுப்பில் ஏறியது. அடுத்து, 1957 ஏப்ரல் 1இல் பிறந்த நயா பைசா. பதினாறு அணாவை நூறு பைசாவாக்கியதில் ஓரணா ஆறேகால் பைசாவானது. கால் பைசாவுக்குக் காசு அடிக்காத அரசு, ஏப்ரல் முதல் தேதியை எப்படித் தேர்ந்தெடுத்தது என்பது தனி ஆய்வுக்குரியது. பிறகு அறுகோண மூன்று பைசா, மூலை மழுங்கிய சதுர ஐந்து பைசா, விளிம்பு வளைந்து வளைந்து ஓடும் பத்துப் பைசா. இந்தக் கூட்டத்தில் மகாராணி, 1968இல் வந்த தாமரைப்பூ இருபது பைசாதான். பித்தளை நிறம். தங்கம் என்று நம்பியவர்களும் உண்டு. அவர்கள்தான் அதைப் புளி போட்டு விளக்கிவைத்தவர்கள். நாணயம் சேர்ப்பவர் கண்ணில் இது மகாபாவம். காலம் ஏற்றிய கறைக்குத்தான் அவர் காசு கொடுக்கிறார். விளக்கிய காசுக்கு விலை குறையும். மாமியார் முப்பது வருடம் தொடாமல் வைத்திருந்ததை மருமகள் ஒரு பொங்கலுக்கு முதல் நாள் பளபளப்பாக்கிப் பாதி விலைக்குக் கொண்டுவந்த சம்பவங்கள் இவ்வட்டாரத்தில் ஏராளமாக இருக்கக்கூடும்.

உலோக மதிப்பைச் சொல்லாவிட்டால் ஆய்வு முழுமை பெறாது. அலுமினிய ஐந்து பைசாவின் எடை ஒன்றரை கிராம் என்று கொண்டால் ஒரு கிலோவுக்கு 666 காசு. முகமதிப்பு 33 ரூபாய் 30 பைசா. பழைய அலுமினியமாக எடைக்குப் போட்டால் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். தார்ப்பாயில் ஒவ்வொன்றாக விற்றாலோ கிலோ ஆயிரங்களைத் தாண்டும், ஆனால் 666 பேரிடம் 666 தடவை பேரம் பேச வேண்டும். கூலியைச் சேர்த்தால் நட்டம்தான். இருந்தும் தார்ப்பாய்க்காரர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பேச ஆள் வேண்டும் என்பது என் முடிவு.

இங்கே திருப்பூர்த் தொழிலின் கோட்பாடு ஒன்று குறுக்கே நிற்கிறது. பனியனில் ஓட்டை இருந்தால் செகண்ட்ஸ். பிரிண்ட் அரை அங்குலம் விலகினால் ரிஜெக்ட். காதர்பேட்டையில் குறைந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். காசிலோ நேர் எதிர். அச்சு விலகி, சிங்கம் ஓரத்துக்குப் போய்விட்டால் விலை ஏறுகிறது. ஒரு பக்கம் அடிபடாமலே வந்துவிட்டால் இன்னும் ஏறுகிறது. இருபது வருடம் செக்கிங்கில் நின்ற ஒருவர் துணியின் இழை எண்ணும் லென்ஸோடு சந்தைக்கு வந்து, ஆண்டுக்குக் கீழே உள்ள குறியைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். டைமண்ட் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லாவிட்டால் கொல்கத்தா. டிஃபெக்ட் கண்டுபிடித்ததும் அவர் முகத்தில் பழக்க தோஷத்தில் முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் சந்தோஷம்.

தார்ப்பாய்க்காரரோடு நடந்த, களஆய்வின் மையமான உரையாடலை அப்படியே தருகிறேன்.

"ஏனுங்ணா, இந்தப் பத்துப் பைசா என்ன வெலைங்க?"

"பத்து ரூவாய்ங்க தம்பி."

"பத்துப் பைசாவுக்குப் பத்து ரூவாய்ங்களா?"

"பத்து ரூவாய்க்குப் பத்து ரூவாய்தான் கெடைக்கும். இது கெடைக்குமா?"

தர்க்கத்தில் தோற்று, சட்டைப் பையில் கைவிட்டுப் பத்து ரூபாய்க் காசு ஒன்றை நீட்டினேன். அவர் அதைத் தொடவேயில்லை.

"நோட்டா இருந்தா குடுங்க. காசு இங்க யாரும் வாங்கறதில்லீங்க."

சுற்றிலும் நூற்றுக்கணக்கான காசுகளோடு உட்கார்ந்திருந்தவர் சொன்னது இது.

சட்டம் என்ன சொல்கிறது? இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாதவையாயின. ஐம்பது பைசா இன்றும் செல்லும். ஒரு தடவைக்குப் பத்து ரூபாய் வரை அதிலேயே கொடுக்கலாம் என்று அதே ஆண்டின் நாணயச் சட்டம் அனுமதிக்கிறது. துணிச்சலுள்ளவர்கள் இருபது எட்டணாவோடு டீக்கடைக்குப் போய்ப் பார்க்கலாம். பத்து ரூபாய்க் காசில் அதுவரை வந்த 14 டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் கொடுத்தது. கெட்ட பணம் நல்ல பணத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டும் என்பது கிரெஷாம் விதி. பொங்கலூரில் அதற்குத் திருத்தம் தேவைப்படுகிறது: நல்ல பணம் டப்பாவில் தூங்குகிறது, கெட்ட பணம் தார்ப்பாயில் கொழிக்கிறது.

தேவையின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மஞ்சள் துணியில் ஒன்றேகால் ரூபாய் முடிந்துவைப்பது நம் வழக்கம். செல்லும் காசுகளைக் கொண்டு இன்று ஒன்றேகால் ரூபாயைக் கூட்டவே முடியாது. முயன்று பாருங்கள்; ஒன்று வரும், ஒன்றரை வரும், ஒன்றேகால் வராது. சாமிக்குக் கொடுத்த வாக்கு நிற்க வேண்டுமானால் செல்லாத நாலணா ஒன்று வேண்டும். அரசு திரும்பப் பெற்றுக்கொண்டதை மாரியம்மன் இன்னும் ஏற்றுக்கொள்கிறாள்.

வதந்திகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வைஷ்ணவ தேவி படம் போட்ட 2012ஆம் ஆண்டுக் காசுக்கு லட்சக்கணக்கில் தருவார்கள் என்று செல்போனில் வீடியோ வரும். வராது, பணம். முதலில் கமிஷன் கட்டச் சொல்வார்கள். தன் பெயரைச் சொல்லிப் பழங்காசுக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற ஆண்டும் பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு பின்னாளில் யாரோ அடித்துவிட்ட சரக்கு; கம்பெனி அப்படியொன்றை வெளியிட்டதில்லை. அரிசியை இழுக்கும் காசைப் பற்றி இக்கட்டுரை பேசாது. அது காவல்துறையின் ஆய்வுப் பரப்பு.

நியாயமாக விலைபோகிறவை வேறு. எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1995இல் வந்த திருவள்ளுவர் காசு, 2003ஆம் ஆண்டுக் காமராசர் ஐந்து ரூபாய், தமிழ்க் கையெழுத்தோடு 2009இல் வந்த அண்ணா ஐந்து ரூபாய், பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக் காசு. இவற்றைப் பிள்ளைகள் கேட்டு வாங்குகிறார்கள். இருபது ரூபாய், முப்பது ரூபாய். பேரம் பேசினால் ஐந்து குறையும். பழைய காசுக்குத் தாத்தாக்கள் சொல்லும் கதை இலவசம், "எங்கப்பாரு இதக் குடுத்து ஒரு படி அரிசி வாங்கியாந்தாரு" என்பது வரை. எந்தக் காசைக் காட்டினாலும் அதே ஒரு படி அரிசிதான்.

எஞ்சியிருப்பது முதலீட்டாளர்களுக்கான கணிப்பு. பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று ஒரு நாள் காலையில் அறிவிப்பு வருமானால், அன்று சாயங்காலமே அந்தத் தார்ப்பாயில் எல்லா டிசைனும் வெல்வெட் அட்டையில் வரிசையாக ஏறியிருக்கும். முழு செட்டு ஆயிரத்து ஐநூறு. பிரித்துக் கொடுக்க மாட்டார்.