தண்ணீர் மீது ஒரு குற்றப்பத்திரிகை

சென்னை வேளச்சேரியில் ஆண்டுதோறும் ஓர் ஆக்கிரமிப்பு நடக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் என்று ஒருவர் வருகிறார். கையில் பட்டா கிடையாது, கிரயப் பத்திரம் கிடையாது, வில்லங்கச் சான்றிதழ் கிடையாது. ஏ.ஜி.எஸ். காலனி, ராம் நகர், விஜயநகர் என்று பாரபட்சம் பார்க்காமல் தரைத்தளத்தில் குடியேறி, நாலைந்து நாள் தங்கி, ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் காலி செய்துவிட்டுத்தான் கிளம்புகிறார். வாடகை பேச்சே இல்லை. ஓலைக் குடிசைக்காரர் ஒருவர் இதில் நூற்றில் ஒரு பங்கு செய்திருந்தால் மறுநாள் விடியும்போது ஜேசிபி வந்து நின்றிருக்கும். தண்ணீருக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? முறைப்படி விசாரித்துவிடுவோம்.

முதலில் சம்பவ இடம். மேற்கே பரங்கிமலை. அதன் அடிவாரத்தில் ஆதம்பாக்கம் ஏரி. கிழக்கே வேளச்சேரி ஏரி. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஆதம்பாக்கம் ஏரியிலிருந்து வீராங்கால் ஓடை வழியாகச் சதுப்பு நிலம், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் கழிமுகம், கடல். எதிரி பரம்பரை பரம்பரையாகப் போய்வந்த பாதை இதுதான். இந்தப் பாதையின் நடுவில்தான் நாம் மாடுலர் கிச்சன் வைத்திருக்கிறோம்.

இந்தத் தரை எவ்வளவு தட்டை என்பதும் ரகசியமல்ல. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, இந்தியாவை அளப்பதற்கான அடிக்கோட்டைப் போடத் தேர்ந்தெடுத்த இடமே இதுதான். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல், நூறடிச் சங்கிலியை வைத்து அளந்தார். மேடு பள்ளம் இல்லாத வெளி என்பதால்தான் இங்கே வந்தார். அவர் தொடங்கிய அளவைதான் பிறகு இமயம்வரை போய் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைச் சொன்னது. அந்த அளவைக்கு முதல் கோடு போட்டுக் கொடுத்த ஊரில், ஒரு தெரு அடுத்த தெருவைவிட எத்தனை அங்குலம் பள்ளம் என்ற கணக்கு மட்டும் இருநூறு ஆண்டுகளாக யாருக்கும் பிடிபடவில்லை. ரோடு போடுகிற கான்ட்ராக்டர் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டு போகிறார். ரோடு மேலே ஏறுகிறது, வீடு கீழே இறங்குகிறது. பில் மட்டும் சரியாகப் பாஸாகிறது.

இனி, எதிரியின் சொத்து விவரம். வேளச்சேரி ஏரி ஒரு காலத்தில் 265 ஏக்கர். இப்போது 55 ஏக்கர். மிச்சத்தை யார் எடுத்தார்கள் என்று கேட்டால் எல்லா விரலும் கரையோரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு வாழ்கிறவர்களையே காட்டும். அவர்களைக் கணக்கெடுக்க அதிகாரிகள் கருவியோடு வந்து நிற்பார்கள். ஆனால் ஏரியைக் கூறுபோட்டு வீட்டு வசதி வாரியத்துக்கும் குடிசை மாற்று வாரியத்துக்கும் எழுதிக்கொடுத்தது யார்? சாட்சாத் அரசாங்கம்தான். வருவாய்த்துறை கையெழுத்துப் போட்டது, வாரியம் மனை பிரித்தது, சார்பதிவாளர் முத்திரை குத்தினார், வங்கி கடன் கொடுத்தது, மின்வாரியம் மீட்டர் மாட்டியது, மாநகராட்சி சொத்துவரி வாங்கியது. இத்தனை பேர் சேர்ந்து செய்தால் அதற்குப் பெயர் நகர வளர்ச்சி. இருபது குடும்பம் சேர்ந்து செய்தால் ஆக்கிரமிப்பு.

இந்தத் தொழிலை வேளச்சேரி கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட முடியாது. தாய்வீடு தி.நகர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த ஏரியை, 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் வடித்துவிட்டு எழுப்பிய புறநகர் அது. அன்றைக்கு ஊருக்கு இடம் தேவைப்பட்டது, நீர் பற்றிய அறிவும் அவ்வளவுதான் என்று மன்னித்துவிடலாம். கட்சித் தலைவர்கள் ஒருவரும் விட்டுப்போகவில்லை. தியாகராயருக்கு நகரம், பனகல் அரசருக்குப் பூங்கா, நடேசனாருக்குப் பூங்கா, உஸ்மானுக்குச் சாலை. ஏரிக்குக் கிடைத்தது மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு ஒன்று. அந்த வியூ வேண்டுமென்றால் நவம்பரில் போக வேண்டும், கணுக்காலிலேயே தெரியும்.

அந்த ஏரியில் மிச்சமிருந்த துண்டின் மேல் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை முடித்த கையோடு இரண்டாம் அதிகாரமாக மழையைப் பாடியவர். அவருக்குத் தேர் கட்ட இடம் தேடியவர்களுக்கு ஏரிதான் கிடைத்தது. குறள் முழுவதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வான்சிறப்பும் அதில் உண்டு. படிக்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை போலிருக்கிறது.

மயிலாப்பூருக்கு வாருங்கள். பறக்கும் ரயிலுக்கு பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டார்கள். நிலம் கையகப்படுத்தும் செலவு மிச்சம். கால்வாய் கோர்ட்டுக்குப் போகாது அல்லவா? அந்த ரயில் 2007-இல் வேளச்சேரிக்கு வந்து சேர்ந்தது. பின்னாலேயே வீட்டு மனை விளம்பரங்களும் வந்தன. சதுப்பு நிலத்தில் ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு. இன்னொரு பக்கம் கடலை ஆராயும் மத்திய அரசு நிறுவனம், காற்றை ஆராயும் மத்திய அரசு நிறுவனம். சதுப்பு நிலத்தை ஆராயத்தான் அங்கே இடம் மிச்சமில்லை.

கொஞ்சம் ஏழைகள் பக்கமும் போவோம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் மற்ற நீரும் சேர்ந்து அடையாற்றில் வந்து சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்தன. மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையே பிறகு சொன்னது. அப்படிச் செய்த மனிதர்கள் மேல் என்ன நடவடிக்கை? கரையோரக் குடிசைகளை இடித்தார்கள். ‘உங்கள் பாதுகாப்புக்காகத்தான்’ என்று சொல்லி அந்தக் குடும்பங்களை லாரியில் ஏற்றி எங்கே கொண்டுபோய் இறக்கினார்கள்? பெரும்பாக்கத்தில். லாம்டன் கோட்டின் தெற்கு முனையில், சதுப்பு நிலத்தின் ஓரத்தில்! ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றி மடுவு வெள்ளத்தில் விட்ட கருணையை என்ன சொல்ல? பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அம்மாக்களின் வீட்டு வேலையும் இன்னும் சைதாப்பேட்டையிலும் அடையாறிலும்தான். பஸ்ஸில் அவர்கள் தொலைக்கும் நேரம் எந்தத் திட்ட அறிக்கையிலும் செலவாக எழுதப்படுவதில்லை.

நடுத்தர வர்க்கத்துக்கு வேறு வழி கிடைத்தது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரமும் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. அபராதம் போட்டார்கள் என்று செய்தி பரவியது; போலீஸ் மறுத்தது. கோடி ரூபாய்க்கு ஃபிளாட், அதோடு ‘கவர்டு கார் பார்க்கிங்’. மழை வந்தால் காரை மட்டும் பாலத்தில் குடியேற்ற வேண்டும். பாலத்தை விற்றிருந்தால் கூடுதல் விலை போயிருக்கும்.

சிரிப்பு இங்கே நிற்கிறது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டடத்துக்காகத் தோண்டிய பெரும் பள்ளத்தின் கரை சரிந்து இருவர் உள்ளே போனார்கள். தண்ணீரை இறைத்து உடல்களை எடுக்கவே நாட்கள் ஆயின. நீர் ஓடும் தரையில் அவ்வளவு ஆழத்துக்குத் தோண்டலாம், மழைக்காலத்திலும் அந்தப் பள்ளம் திறந்தே கிடக்கலாம் என்று விட்டது தண்ணீர் இல்லை.

புயல் போன பிறகு வழக்கம்போல் நாடகம். மழைநீர் வடிகாலுக்கு ஒதுக்கிய 4,000 கோடி எங்கே என்று அ.தி.மு.க. கேட்டது. 2015-இல் செம்பரம்பாக்கம் ஏரியை ஏன் நேரத்துக்குத் திறக்கவில்லை என்று தி.மு.க. கேட்டிருந்தது. கேள்வித்தாள் ஒன்றுதான், பெஞ்சு மட்டும் மாறுகிறது. 2024-இல் கிண்டி ரேஸ் கோர்ஸ் குத்தகையை ரத்துசெய்து அங்கே குளங்கள் வெட்டினார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனாலும் ஏரிக்குள் வீடு கட்டிவிட்டு, குதிரை ஓடிய இடத்தில் குளம் தோண்டும் ஞானம் நமக்கு மட்டுமே வாய்க்கும்.

பள்ளிக்கரணைக்கு 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் பட்டம் கிடைத்தது. படம் எடுத்துக்கொண்டோம், பலகை வைத்தோம். எல்லை எது என்று தரையில் குறிக்கத்தான் நேரமில்லாமல் போயிற்று. 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அந்தப் பணி முடியும்வரை சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட அனுமதி கொடுக்காதே என்றது. உடனே கட்டுமானத் துறையிலிருந்து எழுந்த அழுகுரல் இருக்கிறதே, வெள்ளத்தில் வீடிழந்தவர்கள்கூட அவ்வளவு சத்தமாக அழுததில்லை.

விசாரணை முடிந்தது. தண்ணீர் தன் புறம்போக்கில்தான் நின்றிருந்தது, விடுதலை. குற்றவாளிகள் கோப்பில் கையெழுத்துப் போட்டவர்கள். அவர்கள் பெயர் கோப்பிலேயே இருக்கிறது, தேட வேண்டியதில்லை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு யார் உங்கள் படியேறினாலும், எந்தக் கொடி பிடித்து வந்தாலும், ஒன்றை மட்டும் கேளுங்கள்: வீராங்கால் ஓடை வருவாய்த்துறை ஆவணத்தில் எத்தனை மீட்டர் அகலம், இன்றைக்கு எத்தனை மீட்டர்? பதில் மீட்டரில் வந்தால் உட்காரச் சொல்லுங்கள். கோடியில் வந்தால் கதவைச் சாத்துங்கள்.