கார்பன் கணக்கின் ஆகுபெயரியல்

வங்கிச் செயலியில் கார்பன் கணக்கு பார்க்கும் கலைக்கு இதுவரை யாரும் இலக்கணம் வகுக்காதது புலவர் குலத்துக்கே இழுக்கு. அக்குறை ஈண்டுக் களையப்படுகிறது.

பிறப்பு: பின்லாந்தைச் சேர்ந்த ஓலான்ட் தீவுகளின் வங்கி ஒன்று 2016இல் பால்டிக் கடல் அட்டையை வெளியிட்டது. செலவைக் கார்பனாக்கிக் காட்டும் 'ஓலான்ட் குறியீடு' அதனோடு கூடப்பிறந்தது. 2018இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய டோகோனமி நிறுவனம் அதை மற்ற வங்கிகளின் செயலிகளுக்கும் கொண்டுபோனது.

செலவு நால்வகைப்படும்: ஆகுபெயர், தொகை, முற்று, எச்சம்.

ஆகுபெயராவது: நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது செயலிக்குத் தெரியாது. கடைக்கு அட்டை நிறுவனம் கொடுத்த நான்கிலக்க எண்தான் தெரியும். 5411 மளிகை, 5812 உணவகம், 5541 பெட்ரோல் பங்க். இடத்தின் பெயர் அங்குள்ள பொருளுக்கு ஆகி வருவதால் இது இடவாகுபெயர். வழியில் பங்க்கில் நின்று காபியும் இலவங்கப்பட்டை பன்னும் சாப்பிட்ட ஸ்வீடன்காரர், கணக்குப்படி பெட்ரோல் குடித்தவர்.

தொகையாவது: தொகையில் உருபு மறைந்து நிற்கும். மளிகைப் பில்லில் மறைந்து நிற்பது மாட்டிறைச்சி. ஒரே கடையில் 50 யூரோவுக்கு இறைச்சி வாங்கியவரும் 50 யூரோவுக்குப் பட்டாணி வாங்கியவரும் ஒரே அளவு பாவிகள். யூரோவுக்கு இத்தனை கிராம் என்று பெருக்குவதே முறையாதலால், விலை கூடிய இயற்கை வேளாண் பாலை வாங்கியவர் சாதாரணப் பால் வாங்கியவரைவிட அதிகம் புகை விட்டவராகிறார். விமானத்தில் இது இன்னும் வேடிக்கை. பக்கத்துப் பக்கத்து இருக்கை. முன்கூட்டியே 60 யூரோவுக்குச் சீட்டு எடுத்தவர் உத்தமர், நேற்றிரவு அவசரத்தில் 300 கொடுத்தவர் ஐந்து மடங்கு குற்றவாளி. (ஆனாலும் ஒன்று: மாதக் கணக்கில் விமானச் செலவு மற்றதையெல்லாம் அமுக்கிக்கொண்டு நிற்கிறதே, அது பொய்யில்லை.)

இக்குறை நீக்க, இறைச்சி உண்பீரா, கார் உண்டா என்று சில செயலிகள் கேட்டுத் திருத்துகின்றன. விடை சொல்பவர் தம் குறிப்பை நடப்பின்மேல் ஏற்றிச் சொல்வதால், இதைத் தற்குறிப்பேற்றம் என்க.

முற்றாவது: 2019இல் டோகோனமி அறிவித்த 'டூ பிளாக்' அட்டை. கார்பன் வரம்பை எட்டியதும், கணக்கில் பணம் கிடந்தாலும், அட்டை வேலை செய்யாது என்பதே அறிவிப்பு. வாக்கியம் அங்கேயே முடிந்தது.

எச்சமாவது: ஏ.டி.எம்.மில் எடுத்த ரொக்கம். எடுத்து... என்ன செய்தார்? பயனிலை இல்லை. நல்ல பெயரும் வேண்டும், இறைச்சியும் வேண்டும் என்பவருக்கு இதுவே புகலிடம். ஆனால் ஸ்வீடனில் பல கடைகள் ரொக்கத்தைக் கையால் தொடுவதில்லை. ஆதலால் எச்சம் அந்நாட்டில் வழக்கொழிந்து வருகிறது.