யானையே இடித்திருக்கலாம்

எங்கள் வீட்டு வாசல்படி இப்போது எதிர்வீட்டு முருங்கை மரத்தடியில் கிடக்கிறது. மழைக்கு முன்னால் சாக்கடை தூர் வாருகிறோம் என்று போன வாரம் வந்த பொக்லைன்தான் அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. தூர் வாரியதில் குறை சொல்ல முடியாது. மண், பாலித்தீன் பை, யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு, என் படி, எல்லாம் ஒரே அள்ளில் போய்விட்டன.

தெருவே நின்று பார்த்தது. பொக்லைன் ஓடுகிற இடத்தில் நிற்காமல் போகிறவனை நாம் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லையே. "லெஃப்ட்ல, இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல, அப்படித்தானுங்க" என்று டிரைவருக்கு வழி சொல்ல லைசென்ஸ் இல்லாத பத்துப் பேர் இருந்தார்கள். படி போகிற வரைக்கும் எனக்கும் நல்ல பொழுதாகத்தான் இருந்தது.

ஓடிப்போய்க் கேட்டதற்கு டிரைவர், "படி சாக்கடை மேலங்க இருக்குது" என்றார். சாக்கடை மேல் இல்லாமல் படி வேறெங்கே இருக்கும்? தொண்டாமுத்தூரிலிருந்து பேரூர் வரை எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். வீடு பட்டாவில், படி புறம்போக்கில். படிக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் ஏறச் சரிவு, அதற்குப் பக்கத்தில் செம்பருத்தி, அதற்கும் அப்பால் இடம் மிஞ்சினால் ரோடு. ஊருக்கே பொதுவான இந்தக் கட்டடக்கலையில் என் படி மட்டும் குற்றவாளியா?

நான் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை, மனு எழுதுகிற ஆள். ஓர் ஆபீசுக்குப் போனேன். "ரோடு எங்களுதுங்க, சாக்கடை அவங்களுது" என்றார்கள். அவர்களிடம் போனால், "சாக்கடை எங்களுதுதானுங்க, வேலை கான்ட்ராக்டுல்ல?" கான்ட்ராக்டரைப் பிடித்தால், வண்டி வாடகை வண்டியாம். வண்டிக்காரரைப் பிடித்தால், டிரைவர் தினச் சம்பளமாம். டிரைவரோ, "போச்சாது விடுங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஆபீஸ்களின் பெயரை எழுத மாட்டேன். நாளைக்குக் குழாயில் தண்ணி வர வேண்டும்.

இதுவே யானை இடித்திருந்தால்!

மலையடிவாரத்துக்காரர்களான நமக்கு யானை புதுசில்லை. அது வாழையைச் சாய்த்தாலும் சுவரைத் தள்ளினாலும் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வனத்துறைக்குச் சொன்னால் ஆள் வந்து காலடித்தடம் பார்ப்பார், போட்டோ எடுப்பார். கிராம நிர்வாக அலுவலர் காகிதம் தருவார். மரத்தை எண்ணுவார்கள், சேதத்துக்கு மதிப்புப் போடுவார்கள், அரசாணையில் உள்ளபடி தொகை. தொகை பத்தாது, வந்து சேர்வதற்குள் அடுத்த போகமே ஆகிவிடுகிறது என்று தோட்டக்காரர்கள் திட்டுகிறார்கள். நியாயம்தான். ஆனால், திட்டுவதற்கு ஓர் ஆபீஸ் இருப்பது எத்தனை பெரிய வசதி என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. "யானை வந்த ரோடுதான் எங்களுது, யானை எங்களுதில்லை" என்று வனத்துறை சொல்லிக் கேட்டதுண்டா?

யானைக்குப் பெயராவது உண்டு. 2019 ஜனவரியில் தடாகம் பக்கம் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்ட சின்னத்தம்பி, அந்த இடம் பிடிக்காமல் உடுமலைக் கரும்புத் தோட்டத்துக்கு நடந்தே வந்தது. கழுத்தில் ரேடியோ காலர் இருந்ததால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டே இருந்தது. 2025 அக்டோபரில் நம் தொண்டாமுத்தூர்ப் பக்கமே பிடிபட்ட ரோலக்ஸ் செய்த அழிமானம் சிரிக்கிற சங்கதி இல்லை. ஆனாலும் யார் செய்தது என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. என் படியை எடுத்த பொக்லைனுக்கோ நம்பர் பிளேட் முழுக்கச் சேறு. காலரும் இல்லை. மறுநாள் அது எந்தக் காட்டில் மேய்கிறது என்று யாரைக் கேட்பது?

இன்னும் இருக்கிறது. யானை ராத்திரியில் வந்து விடிவதற்குள் கூச்சத்தோடு காட்டுக்குள் போய்விடும். பொக்லைன் பத்து மணிக்கு டீ குடித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கும். யானைக்கு வழித்தடம் உண்டு. பொக்லைனுக்குப் போகிற இடமெல்லாம் வழித்தடம். யானைக்குப் பட்டாசு போட்டால் விலகும். பொக்லைனுக்குப் போட்டால் வேடிக்கைக்கு இன்னும் நாலு பேர் கூடுவார்கள். யானை போட்டுவிட்டுப் போவது தோட்டத்துக்கு எருவாகவாவது ஆகும். பொக்லைன் அள்ளிய சாக்கடை மண்ணைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போகும், முதல் மழைக்கே அதே மண் அதே சாக்கடைக்குள் திரும்பி வரும். அப்புறம், யானைக்கு வாழைத்தார் வேண்டும் என்று ஒரு காரணம் இருக்கிறது. என் படியை வைத்துக்கொண்டு பொக்லைன் என்ன செய்யப் போகிறது?

சரி, யானையை விடுங்கள். டொரண்டோவில் இருக்கிற என் தங்கச்சி மகன் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்.

பனி தள்ளுகிற வண்டி அவன் வீட்டு முன்னால் புல்லை ஓரமாகப் பெயர்த்துவிட்டதாம். போனில் புலம்பினான். "அந்த இடம் உன்னுதா கண்ணு?" என்றேன். "இல்லீங் மாமா, சிட்டியோடது. ஆனா நாமதான் வெட்டிப் பராமரிக்கோணும்." அதாவது, சுத்தமான புறம்போக்கு. அந்தப் புறம்போக்குப் புல்லுக்குப் புகார் கொடுத்தால், பனி உருகினதும் நகராட்சி வந்து சரிசெய்து தருமாம்! அமெரிக்காவில் பல ஊர்களில் வீட்டு வாசல் தபால் பெட்டிக்கே விதி எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டியின் தகடு நேராக மோதி உடைந்தால் ஊர் நிர்வாகம் மாற்றித் தரும். தகடு தள்ளின பனியின் பாரத்தில் சாய்ந்தால் தராது. இடித்தது தகடா, பனியா என்று பார்க்க ஒரு ஆள் வருகிறான் பாருங்கள், அந்த ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அங்கேயும் எல்லாம் வெல்லமில்லை. ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி, நடைபாதைப் பனியில் வழுக்கி இடுப்பொடிந்தால் 10 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதிலும், நகராட்சியின் அலட்சியம் படுமோசமானது என்று நிரூபித்தால்தான் காசு. இடுப்பைவிடப் புல்லுக்கு மரியாதை அதிகம். இருந்தாலும் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. "புகார் நம்பர் குடுத்திருக்கறாங்க மாமா, ஆனா இன்னும் யாரும் வரலை" என்று அவன் அலுத்துக்கொண்டான். நம்பரே கிடைத்த பிறகு மனுசனுக்கு என்ன அலுப்பு?

கடைசியில் தெரிந்த வக்கீலிடம் போனேன். அரசாங்கத்தின் மேல் கேஸ் போடுவதென்றால், 1908-ஆம் வருசத்து சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம். "யார் பேருக்குங்க அனுப்பறது?" என்று என்னையே கேட்டார். அது தெரிந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்? அது போகட்டும், இரண்டு மாதம் முடிவதற்குள் ஐப்பசி மழை பெய்து, கரை மண் உள்ளே இறங்கி, மறுபடி பொக்லைன் வந்துவிடும். இந்தத் தடவை தப்பித்த தண்ணிக் குழாயும் காம்பவுண்டு மூலையும் அப்போது போகும். பொறுத்திருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நோட்டீசாக அனுப்பிவிடலாம் என்கிறார் வக்கீல். பீஸ் மட்டும் தனித்தனியாம்.