முட்டை நாள்

கேள்வி: பள்ளி நாள்களைச் சட்டென்று உங்களுக்கு நினைவுபடுத்துவது எது?

பதில்: கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் கொதிக்கும் சாம்பார் வாசம்! நாலாம் வகுப்பில் நாங்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதே சத்துணவுக் கூடத்திலிருந்து அந்த வாசம் வந்துவிடும். பதினாறாம் வாய்ப்பாடு பாதியில் நிற்கும். வரிசையில் தட்டுகள் தாளம் போடும். ஆயாம்மா அண்டாவின் அடிவரை கரண்டியை விட்டுத் துழாவி, எங்களுக்காகக் காய் தேடி எடுத்துப் போடுவார். காமராஜர் 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்தார்; எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்தார். 1989-இல் கலைஞர் முட்டை சேர்த்தார். முட்டை நாளில் காய்ச்சல்காரன்கூட லீவு போடமாட்டான்! 2022-இலிருந்து காலைச் சிற்றுண்டியும் உண்டு. அடுத்த முறை ஊருக்குப் போனால், உங்கள் ஆயாம்மாவை ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.